விளையாடி முடித்ததும் எடுத்து வைக்க

பெற்றோர்களுக்கு வணக்கம். இந்த வாரம் வகுப்பில் பிள்ளைகள் சாமான்களை வகை பிரிக்கப் பழகுகிறார்கள். வீட்டிலும் தொடருங்கள்.

"எல்லாத்தையும் எடுத்து வை" என்றால் 4 வயதுப் பிள்ளைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "சிவப்பா இருக்கிறதை மட்டும் கொண்டு வா பார்ப்போம்" என்று சொல்லுங்கள், ஓடி வரும். அப்புறம் சக்கரம் வைத்தவை, அப்புறம் சொப்புச் சாமான். காலி பிஸ்கட் டப்பாக்களில் படம் ஒட்டிவிட்டால், படிக்கத் தெரியாத பிள்ளையும் சரியான டப்பாவில் போடும். துவைத்த சாக்ஸை ஜோடி சேர்ப்பதும் நல்ல விளையாட்டு. நிறம், அளவு பார்த்து ஒப்பிடுவதில்தான் கணக்கு தொடங்குகிறது.

வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை இருந்தால் சோழி, புளியங்கொட்டை, மணி வேண்டாம். வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பிள்ளை அடுக்கியது கோணலாக இருந்தாலும் தூங்கிய பிறகு திருத்தி அடுக்காதீர்கள், ப்ளீஸ்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பெரிய பாட்டில் மூடிகள் ஐந்தாறு கொடுத்தனுப்புங்கள்.