என் மகளின் பெயரைச் சுமந்தவர்களுக்கு

சபையாருக்கும், எங்களுக்காக முழங்கால்படியிட்ட எல்லாருக்கும் இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள்.

மகள் நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். நாலு வரி எழுதுவதும், எழுந்துபோய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. நன்றியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

போதகர் ஐயா, உபவாச ஜெபத்தில் கூடியவர்கள், இரத்தம் கொடுத்த தம்பிமார், நேரம் பார்க்காமல் வண்டியெடுத்து வந்தவர்கள், மூத்தவனைத் தங்கள் வீட்டில் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள், வேறு விசுவாசத்தில் இருந்தும் எங்களுக்காக வேண்டிக்கொண்ட அக்கம்பக்கத்தார், ஒருவரையும் நான் மறக்கவில்லை. மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. ஆனால் இயேசு கண்டது 'அவர்கள் விசுவாசத்தை' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமும் அந்தப் பகுதியை நான் சுமப்பவர்களில் ஒருவனாக நின்றுதான் வாசித்தேன். இந்த முறை படுக்கையில் கிடப்பவனாக வாசித்தேன்.

ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

ஆராதனையில் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்காருவார்களே, அந்த அம்மா. 'ஸ்தோத்திரம்மா' என்பதைத் தாண்டி நான் அவர்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் கைவிட்டுப்போனது போலிருந்த அந்த ஐந்தாம் நாள், தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வசனம் சொல்லவில்லை. இது ஏன் நடந்தது என்று விளக்கம் சொல்லவில்லை. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். நான்தான் வாயைத் திறந்தேன்: "அம்மா, எனக்கு ஜெபமே வரமாட்டேங்குது."

"வரலன்னா விடுங்க தம்பி. உங்க பங்கையும் சேர்த்து நான் பண்றேன். நீங்க கொஞ்சம் தூங்குங்க."

ஐந்து நாளில் அன்றைக்குத்தான் தூங்கினேன்.

எழுந்தபோது அவர்கள் மடியில் ஒரு பழைய நோட்டு இருந்தது. மகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். பக்கம் புரளும்போது என் பெயர் கண்ணில் பட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வேலைக்காக நான் கொடுத்த ஜெபக்குறிப்பு. வேலை அந்த மாதமே கிடைத்தது. சபையில் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மற்ற பெயர்களில் பல அடிக்கப்பட்டிருந்தன, என் பெயர் அப்படியே இருந்தது. கேட்டேன்.

"கெடச்சிருச்சுன்னு யாரும் சொல்லலையே தம்பி. அதான் அடிக்கல."

மூன்று வருஷம்! எனக்கே நினைவில்லாத ஒரு தேவைக்காக ஒருவர் தினமும் என் பெயரைத் தேவசமூகத்தில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ எத்தனை பேரிடம் 'ஜெபித்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டுவதற்குள் மறந்திருக்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பின் அகலம், நீளம், ஆழம், உயரம் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை வாக்குத்தத்த அட்டைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். ராத்திரி அதே அதிகாரத்தை முழுதாக வாசித்தேன். அந்தப் பகுதி பிரசங்கம் இல்லை, ஜெபம். பிதாவை நோக்கி முழங்கால்படியிடுகிறேன் என்று சொல்லித்தான் பவுல் அதைத் தொடங்குகிறார். மற்றவர்களுக்காக மண்டியிட்டிருக்கும்போது எழுந்த வார்த்தைகள் அவை. அந்த அன்பைச் சகல பரிசுத்தவான்களோடும்கூட உணர வேண்டும் என்கிறார். தனியாக உட்கார்ந்து எட்டிப்பிடிக்கக்கூடிய அளவில்லை போலும் அது. எனக்கு அதன் ஓரம் தட்டுப்பட்டது ஒரு நோட்டுப் பக்கத்தில்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த பிள்ளை வீடு திரும்பவில்லை. அந்தத் தாயும் ஜெபித்தாள், என்னைவிட அதிகமாகவே ஜெபித்தாள். அதனால் எங்கள் ஜெபம் ஜெயித்தது என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாதவை என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் அடுக்கப்படுபவற்றில் முதலில் வருவது மரணம். அந்தத் தாய்க்கும் அது உண்மை என்று நம்புகிறேன். இன்றைக்கு அவளிடம் போய் அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவளுக்காக ஜெபிக்க மட்டும் முடியும்.

காலையில் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் அந்தத் தாயின் பெயர். அடுத்த பக்கத்துக்காகக் கடைசி வரிசை அம்மாவுக்கு போன் செய்து, "உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்மா?" என்று கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்கள்:

"முழங்கால்தான் தம்பி. மண்டியிட்டா எந்திரிக்க முடியல."

எழுதிக்கொண்டேன்.