ஹாலைத் திறந்தவருக்கு மெமோவா?

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயாவுக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

குன்னூர்ச் சரிவில் இருக்கும் நம் சபையின் பெயரை இதில் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடி, ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் நம் கோயில்பிள்ளை அண்ணனுக்கு, அனுமதியில்லாமல் சபை ஹாலைத் திறந்துவிட்டதற்காக மெமோ கொடுப்பது பற்றிப் பேசப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஐப்பசி அடைமழையில், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் மண் இறங்க ஆரம்பித்த அன்று ராத்திரி 11 மணிக்கு 9 குடும்பங்கள் நம் ஹால் வாசலில் வந்து நின்றன. கைக்குழந்தை, ரேஷன் கார்டு, நனைந்த கம்பளி, அவ்வளவுதான் அவர்கள் எடுத்துவந்தது. எழுத்து அனுமதி இல்லாமல் ஹாலைத் திறக்கக் கூடாது என்பது தீர்மானம். அண்ணன் செயலாளருக்கு போன் போட்டார். அவர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார், எடுக்கவில்லை. பொருளாளர் எடுத்தார், "காலையில் பார்த்துக்கலாம்" என்றார். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மழையும் மண்சரிவும் 40-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவர் அண்ணன். அன்றைக்கும் பல பேர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். போனை வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

நஷ்டக் கணக்கையும் பார்த்தேன். புது டைல்ஸில் சேறு, 2 நாற்காலி உடைசல், சுவரில் அடுப்புக் கரி, மேடைக் கம்பளத்தில் ஒரு குழந்தை மூத்திரம் போனது. வந்தவர்களில் நம் சபையார் இரண்டே குடும்பம் என்றும் யாரோ எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அந்த இருட்டில் எப்படித்தான் எண்ணினார்களோ!

அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது, மறைக்கவில்லை. அப்போது நானும் கமிட்டியில் இருந்தேன். பிறந்தநாளுக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் பின்பக்கம் பாட்டில்களை விட்டுப்போனார்கள், மைக் செட் காணாமல் போனது. அதற்காகப் போட்ட பூட்டு அது. உயிருக்குப் பயந்து ஓடிவருகிறவர்களை நினைத்து நாம் யாரும் கை தூக்கவில்லை.

"சபைச் சொத்து தேவனுடைய சொத்து" என்கிறீர்கள். சரி. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 1829-ல் அடிக்கல் நாட்டிய அந்த ஆலயத்துக்கு உத்தரங்கள் எங்கிருந்து வந்தன? ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்புவின் அரண்மனையிலிருந்து. அரண்மனை மரம் ஆலயத்துக்கு ஆகுமென்றால், நம் ஹால் மூன்று ராத்திரி சத்திரமாக ஆகக் கூடாதா? நான்காம் நூற்றாண்டில் மிலான் பேராயர் அம்புரோஸ், கைதிகளாகப் பிடிபட்டவர்களை மீட்கத் திருவிருந்துப் பாத்திரங்களையே உருக்கினார். அதையும் அன்றைக்குக் குறை சொன்னவர்கள் இருந்தார்கள்.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது மாற்கு ஐந்தாம் அதிகாரம். பிசாசு பிடித்துக் கல்லறைகளில் கிடந்து கற்களால் தன்னையே கீறிக்கொண்ட ஒருவன், இயேசு அவற்றைத் துரத்தியபின் உடுத்திக்கொண்டு புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான். ஊரார் வந்து அவனைப் பார்க்கிறார்கள், அந்தப் பிசாசுகள் புகுந்ததால் கடலில் விழுந்து செத்த ஏறக்குறைய 2,000 பன்றிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். பிறகு இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறார்கள். சிறுவயதில் எனக்கு அந்த ஊரார் மேல் கோபம் வரும். நஷ்டக் கணக்கை வாங்கிப் படித்த அன்று, என் கண்ணும் முதலில் டைல்ஸ் வரியில்தான் போய் நின்றது.

மெமோவை விட்டுவிடுங்கள். தீர்மானத்தையே தூக்கிப்போடச் சொல்லவில்லை, வாடகைக்கு அது இருக்கட்டும். மழை, மண்சரிவு என்று வருகிறவர்களுக்கு யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள். சாவி கோயில்பிள்ளையிடமே இருக்கட்டும். மார்கழி பிறக்கும்வரை நம் பக்கம் மழையை நம்ப முடியாது.

டைல்ஸைக் கழுவ சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாளியும் பிரஷ்ஷுமாக வருகிறேன். லைனிலிருந்து 4 பெண்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் ஹாலைத் திறக்க வேண்டும் என்பதால், எழுத்து அனுமதிக்கு இந்த மடலையே விண்ணப்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி
(ஓய்வுபெற்ற ஆசிரியை)