எங்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கூவம் சீரமைப்பு பற்றி நீங்கள் போட்ட செய்தியில், கரையோர ஆக்கிரமிப்பாளர்கள் அகற்றப்பட்டதால் பணிகள் வேகம் பிடித்திருப்பதாக ஒரு வரி இருந்தது. முப்பது வருஷமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறவன் நான். திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. அந்த வரியைப் படித்ததும் டீக்கடையிலேயே பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் சொல்லும் ஆக்கிரமிப்பாளர்களில் நானும் ஒருவன்.

சிந்தாதிரிப்பேட்டை பக்கம் ஆற்றங்கரையில் என் அப்பா குடிசை போட்டது, அண்ணா முதல்வராக இருந்தபோது. கூவத்தைச் சுத்தம் பண்ணிப் படகு விடும் திட்டமும் அப்போதுதான் வந்தது. அப்புறம் எத்தனை ஆட்சியில் எத்தனை முறை கூவத்தை மணக்க வைப்பதாகச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்கள் தெருவுக்கு கரண்ட் வந்தது, குழாய் வந்தது. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் அந்த முகவரிக்கே வந்தன. எல்லாக் கட்சிக்காரர்களும் அங்கே வந்துதான் ஓட்டுக் கேட்டார்கள், பட்டா தருகிறோம் என்றார்கள். அப்போதெல்லாம் யாரும் எங்களை இந்தப் பெயரில் கூப்பிடவில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கினோம். தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க வந்து கதவில் சிவப்பு பெயிண்டில் எண் போட்டார்கள். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்றார்கள். 2017 கடைசியில், என் மகள் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருந்த சமயத்தில் லாரி வந்தது. தேர்வு முடியட்டும் சார் என்று கெஞ்சிப் பார்த்தேன். வந்த அதிகாரி காதிலேயே வாங்கவில்லை. கட்டில் கால் ஒன்று லாரியிலேயே உடைந்தது. அம்மியை அங்கேயே விட்டுவிட்டோம். ஏழாவது மாடிக்கு அதை யார் தூக்குவது? போன அன்றைக்கே லிஃப்ட் ஓடவில்லை.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி எங்களைக் கொண்டுவந்து விட்ட பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். பெரிய மழை என்றால் இங்கேயும் தெருவில் தண்ணீர்தான். என் மனைவி சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்றவள். விடிவதற்கு முன்னால் போய் மீன் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் இங்கிருந்து ஏது பஸ்? ஆறு மாசம் ஆட்டோ வைத்துப் போய்ப் பார்த்தாள். கையில் ஒன்றும் நிற்கவில்லை. கூடையை மாடிப்படிக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். தூக்கிப் போட இன்னும் மனசு வரவில்லை.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், நொச்சிக்குப்பம் மாதிரி இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். அந்த எண்ணம் எப்போது போயிற்று, ஏன் போயிற்று என்று உங்கள் பத்திரிகை ஒரு கட்டுரையாவது போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்துக்குள்ளேயே தூண்கள் எழும்பின. ஆற்றோட்டத்துக்குத் தடை என்று 2012-ல் வேலையை நிறுத்தினார்கள். ஆட்சி மாறிய பிறகு, 2022-ல் அதே சாலைக்கு மறுபடியும் அடிக்கல். இந்த முறை இரண்டடுக்கு, செலவு சுமார் 5,800 கோடி ரூபாய். நடுவில் பத்து வருஷம் மொட்டைத் தூண்கள் ஆற்றுக்குள் நின்றதை ஊரே பார்த்தது. அவற்றை ஆக்கிரமிப்பு என்று நீங்கள் எழுதி நான் ஒரு நாளும் படித்ததில்லை. என் வீடு ஆற்றுக்குள் இல்லை ஐயா, கரையில்தான் இருந்தது.

ஆறு சுத்தமாகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்றத்தில் ஐம்பது வருஷம் இருந்தவர்களுக்கு அதில் உங்களைவிட ஆசை அதிகம்.

போன வீட்டை நீங்கள் திருப்பித் தர முடியாது, அது எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை செய்தி போடும்போது 'கரையில் குடியிருந்தவர்கள்' என்று போடுங்கள். தலைப்பில் இடம் போதவில்லை என்றால் 'குடியிருந்தவர்கள்' என்று மட்டும் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பெரும்பாக்கம்.