வெள்ளம் வடிந்த பிறகும் செய்தியாளர் அங்கே இருக்க வேண்டும்

பெறுநர்: ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கைச் செயலகம், பான், ஜெர்மனி. வளரும் நாடுகளின் செய்தியாளர்களுக்கு நல்கை (நிதியுதவி) வழங்கும் அறக்கட்டளைகள், ஊடக அமைப்புகள்.

மதிப்பிற்குரியவர்களே,

வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து பதினெட்டு ஆண்டுகளாகத் தமிழ் நாளிதழ்களுக்குச் செய்தி அனுப்பிவரும் பகுதிநேரச் செய்தியாளன் நான். மாதச் சம்பளம் கிடையாது. அச்சாகும் செய்திக்கு மட்டுமே பணம். வளரும் நாடுகளின் செய்தியாளர்களைக் காலநிலை மாநாடுகளுக்கு அழைத்துச் செல்லும் முயற்சி 2007-இல் பாலி மாநாட்டின்போது தொடங்கியதை அறிவேன். அந்தப் பயணங்களால்தான் எங்கள் நாடுகளின் பல செய்திப் பிரிவுகளுக்குப் பேச்சுவார்த்தை நடக்கும் விதமே புரிந்தது. அதற்கு நன்றி சொல்லிவிட்டு, அந்த உதவி இன்னும் வந்து சேராத ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சியால், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை உடைத்துப் பாய்ந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் – சென்னை விரைவு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அந்த வாரம் நாடே எங்களைப் பார்த்தது. பிறகு கேமராக்கள் புறப்பட்டுப் போய்விட்டன.

ஏழு வாரம் கழித்து ஓர் உப்பளத்துக்குப் போனேன். வரப்புகள் கரைந்து பாத்திகளில் சேறு மேடிட்டிருந்தது. பனையோலை போட்டு மூடிவைத்திருந்த உப்பு அம்பாரம் இருந்த இடத்தில் மட்கிய ஓலைகள் மட்டும் கிடந்தன. ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா சேற்றைச் சட்டியில் அள்ளி வரப்பில் கொட்டிக்கொண்டிருந்தார். "வீடு இடிஞ்சவங்கள எழுதிட்டுப் போயிட்டாவ. வேல போனவங்கள யாரு தம்பி எழுதுவா?" என்று கேட்டார். அன்று மாலை நான் அனுப்பிய கட்டுரை மறுநாள் நான்கு வரியாக வந்தது. மழைச் செய்தி முடிந்துவிட்டது என்றார்கள் நாளிதழ் அலுவலகத்தில். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த ஆட்களைக் கொண்டு அன்றாடம் பக்கம் நிரப்ப வேண்டிய நெருக்கடி அவர்களுடையது. ஆனாலும் அந்த அம்மாவின் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இது உங்களுக்கும் உரிய கேள்வி என்பதால்தான் இந்த மடல். பாகிஸ்தானில் 1,700-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளம் வந்த 2022-ஆம் ஆண்டின் இறுதியில், எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கில் நடந்த காலநிலை மாநாட்டில், காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவும் 'இழப்பு மற்றும் சேத நிதி'க்கு ஒப்புதல் கிடைத்தது. அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அதற்குச் செயல்வடிவம் தரப்பட்டது. ஆனால் ஒரு பருவத்துக் கூலி, பிள்ளையின் நின்றுபோன படிப்பு, வெள்ளத்துக்குப் பின் வாங்கிய கந்துவட்டிக் கடன் ஆகியவை எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் ஏறுவதில்லை. ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் அதே தெருவுக்குத் திரும்பிப் போகும் செய்தியாளர் எழுதினால்தான் அவை இழப்பு என்றே வெளியுலகுக்குத் தெரியவரும். அப்படித் திரும்பிப் போவதற்கான பேருந்துக் கட்டணமும் அந்த நாட்களின் வருமானமும்தான் எங்களிடம் இல்லை.

அறிவியலிலும் எங்களுக்குத் துணை வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் 'வரலாறு காணாத மழை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரப்பதத்தைத் தாங்கும் என்பதையே நான் மிகத் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குறிப்பிட்ட மழையில் புவி வெப்பமாதலின் பங்கு எவ்வளவு, அடைத்த ஓடைகளின் பங்கும் தூர்ந்த குளங்களின் பங்கும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாதபோது, எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போடும் அதிகாரிக்கு நாங்களே வழிவிட்டுக் கொடுக்கிறோம். மாலை ஆறு மணிக்குள் செய்தி அனுப்ப வேண்டிய ஒருவர் அழைத்தால் எடுத்துப் பேசும் விஞ்ஞானி, எந்த இரண்டு நாள் பயிலரங்கையும்விட எங்களுக்குப் பெரிய உதவி.

உங்கள் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் கேட்கின்றன. அடையாள அட்டையே இல்லாத பகுதிநேரச் செய்தியாளர் அந்த முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார். எங்கள் கடற்கரையில் காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று தனித்தனிப் பெயர் உண்டு. கச்சான் முன்போல் இல்லை என்று ஒரு மீனவர் சொன்னால், அதில் எந்த மாதம், எந்த மீன், எத்தனை நாள் தொழில் நட்டம் என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. அதை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்பவருக்கு 'காற்று மாறிவிட்டது' என்பது மட்டுமே போய்ச் சேரும்.

ஆபத்தையும் மறைக்க முடியாது. 2009 முதல் 2023 வரை சுற்றுச்சூழல் செய்திகளைத் திரட்டிய 44 செய்தியாளர்கள் கொல்லப்பட்டதாகவும், அவற்றில் 5 வழக்குகளில் மட்டுமே தண்டனை கிடைத்ததாகவும் யுனெஸ்கோ பதிவுசெய்துள்ளது. மணல் அள்ளுவதைப் பற்றி எழுதுபவருக்குக் காப்பீடும் இல்லை, வழக்கு வந்தால் வக்கீலும் இல்லை.

மாநாட்டுப் பயணங்களை நிறுத்தச் சொல்லவில்லை. பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த காலநிலை மாநாட்டின்போது விடுதி வாடகையைக் கண்டு ஏழை நாடுகளின் அரசுக் குழுக்களே திகைத்த நிலையில், உதவியில்லாமல் எங்களைப் போன்றவர் அங்கே கால்வைக்க முடியாது. ஆனால் ஒருவரை அனுப்பும் செலவில் ஒரு பகுதியையாவது, தாய்மொழியிலேயே விண்ணப்பிக்கவும், ஓராண்டு முழுவதும் ஒரே பகுதியைத் தொடர்ந்து எழுதவும் வழிசெய்யும் சிறு நல்கைகளுக்கு ஒதுக்குங்கள். அதில் காப்பீட்டையும் சேருங்கள். 1992-ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை மாற்ற உடன்படிக்கையின் 6-ஆம் பிரிவும் பாரிஸ் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவும் மக்களுக்குத் தகவல் சென்று சேர்வதை ஏற்கெனவே நாடுகளின் பொறுப்பாக்கியிருக்கின்றன. புதிதாக ஒரு வாக்குறுதியை நாங்கள் கேட்கவில்லை.

எங்களுக்கு அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. அதற்கு முன் உங்கள் முடிவு தெரிந்தால், நல்கை யாருக்குக் கிடைத்தாலும், உப்பளங்களில் அம்பாரத்தை ஓலை போட்டு மூடும் நாளிலேயே அவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மாவட்டப் பகுதிநேரச் செய்தியாளர் ஒருவர்