மீன்பெட்டியும் உன் நான்கு பைகளும்

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மகளுக்கு,

உன் சாமான் பட்டியலைத் தம்பி பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து தந்தான். 64 உருப்படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவ கேட்ட முதல் கேள்வி: "இதில சோத்துப்பானை எங்க?"

ஜெர்மனியிலிருந்து கருங்கடல் வரைக்கும் டான்யூப் ஆற்றோரமாகச் சைக்கிளில் போகப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உன் பெரியம்மா, "லண்டனில வேலை செய்யிற பிள்ளைக்குக் கார் வாங்க வழியில்லையோ?" என்று கேட்டா. நான் வாயே திறக்கவில்லை. 26 வருஷம் நிலாவெளிக் கரையில் மீன் எடுத்து, பெட்டியைக் கரியரில் கட்டி, உப்புவெளி, அன்புவழிபுரம், கன்னியா என்று உழக்கித்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன். நானே சைக்கிளைக் குறைத்துப் பேசலாமா? அதனால் போகாதே என்று எழுதவில்லை. பாரம் ஏற்றுவதைப் பற்றி எழுதுகிறேன், அதில்தான் எனக்கு அனுபவம்.

கூடாரம், படுக்கைப் பை, அடுப்பு, உடுப்பு, கருவிகள் எல்லாம் சேர்த்து 31 கிலோ என்று கணக்குப் போட்டிருக்கிறாய். தண்ணீரும் சாப்பாடும் அதற்குள் இல்லை. அப்பா 50 கிலோ ஏற்றினவர்தானே என்று நீ சொல்லுவாய். ஏற்றினேன், சரி. ஆனால் என் பாரம் விற்க விற்கக் குறையும். விடிய ஐந்தரைக்கு 50 கிலோவோடு வெளிக்கிட்டால் உப்புவெளி தாண்டும்போது 35 இருக்கும். கன்னியாவுக்குப் போய்ச்சேர நாலு சூரை மீனும் ஒரு கைப்பிடி கீரி மீனும்தான் மிச்சம். ஐஸ் கரைந்து வழியெல்லாம் ஒழுகிவிடும். திரும்பி வரும்போது வெறும் பெட்டி கடகடவென்று சத்தம் போடும். உன் பாரத்தை வழியில் ஒருவரும் வாங்கப்போவதில்லை. காலையில் ஏற்றினதை அப்படியே பின்னேரம் இறக்கி, மறுநாள் திரும்பவும் ஏற்றவேண்டும். இரண்டு மாதத்துக்கு.

தம்பி போனில் படத்தைப் பெரிதாக்கி ஆற்றைக் காட்டினான். பிரிகாக், பிரெக் என்று இரண்டு சிற்றாறுகள் டொனாவேஷிங்கனில் சேர, அங்கிருந்துதான் டான்யூப் என்று பெயராம். (பிரெக் என்பதை நான் முதலில் பிரேக் என்று வாசித்துவிட்டேன்.) 2,850 கிலோமீற்றர், பத்து நாடுகள். இங்கிருந்து கொழும்புக்குப் பத்துத் தரத்துக்கு மேல் போவது மாதிரி. தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீற்றர் உயரம் என்றான். வகுத்துப் பார்த்தேன். கிலோமீற்றருக்குக் கால் மீற்றர்கூட இறக்கமில்லை. "ஆற்றோடு போனால் இறக்கம்தானே அப்பா" என்று நீ சொன்னதை நம்பி உழக்காமல் இருந்துவிடாதே. ஆனால் மேற்கிலிருந்து கிழக்கே போவது நல்ல யோசனை. அங்கே காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதானாம்.

காற்று என்றதும் உனக்குச் சொல்லாத ஒரு கதை ஞாபகம் வருகிறது. ஆடி மாதம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்கு மேல் இன்னொரு சின்னப் பெட்டி கட்டியிருந்தேன், பேராசைதான். சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட வரக் குறுக்கால ஒரு காற்று. உயரத்தில் இருந்த பாரம் சைக்கிளை ஒரு பக்கம் இழுத்தது. நான் மறுபக்கம் வெட்டினேன், பின்சில்லு ஒரு குழியில் விழுந்தது. டிக், டிக் என்று இரண்டு சில்லுக் கம்பி அறுந்தது. பல்லுச்சக்கரம் இருக்கிற பக்கத்துக் கம்பிகள்தான், எப்பவும் அந்தப் பக்கம்தான் அறும். சில்லு கோணி மட்காட்டில் உரசத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து டவுண் வரைக்கும் வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்குப் பாதி மீன் கருவாட்டுக்குத்தான் போனது.

அதனால் இரண்டு விஷயம். பாரமான சாமான் எல்லாம் பைகளின் அடியில், சில்லின் நடு அச்சுக்குக் கிட்டக் கிடக்கவேண்டும். கரியருக்கு மேல் கூடாரத்தை மட்டும் கட்டு. பின்னுக்கே எல்லாவற்றையும் ஏற்றினால் மேட்டில் முன்சில்லு தூக்கும், ஹாண்டில் கைக்கு அடங்காது. முன்னுக்கும் இரண்டு பை தொங்கவிடுகிறாய்தானே, அடுப்பையும் கருவிகளையும் அதில் போடு. வலப்பக்கமும் இடப்பக்கமும் நிறை ஒத்திருக்கவேண்டும். மற்றது கம்பி. உன் பின்சில்லில் இரண்டு பக்கத்துக் கம்பியும் ஒரே நீளமாக இராது. கடைக்காரரிடம் கேட்டு இரு பக்கத்துக்கும் இரண்டிரண்டு வாங்கி, சட்டத்தோடு சேர்த்து நாடா சுற்றி ஒட்டிவிடு. பாரமே தெரியாது. வெளிக்கிட முன் ஒருதரம் சில்லைக் கோணல் எடுத்துக் கம்பிகளை இறுக்கிவிக்கவும்.

கருவிப் பையைப் பார்த்தேன். இரண்டு ரியூப், ஒட்டு, சொலூஷன், மண்கடதாசி, ரயர் கழற்றும் நெம்பு, செயின் துண்டு, பிரேக் கட்டை, கேபிள், பம் எல்லாம் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒட்டுப் போடப் பழகினாயா? காணொளி பார்த்ததைக் கேட்கவில்லை. பின்சில்லைக் கழற்றி, ரியூப்பை மாற்றி, செயினைத் திரும்பப் போட்டு, கையெல்லாம் கறுப்பாகி ஒருதரமாவது செய்து பார். ரயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளையோ கண்ணாடித் துண்டையோ எடுத்த பிறகுதான் புது ரியூப் போடவேண்டும். அவசரத்தில் அதை மறந்து பத்து நிமிஷத்தில் இரண்டாம் ரியூப்பையும் ஓட்டையாக்கின ஆட்களில் நானும் ஒருவன்.

விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது பெடலைக் கழற்றவேண்டும் என்றாய். இடது பெடலுக்கு மறுமரை, வலப்பக்கம் திருகினால்தான் கழரும். 18 வயதில் இது தெரியாமல், கழரவில்லை என்று ஸ்பனரில் குழாய் மாட்டித் திருகி மரையையே அறுத்தேன். கடைக்காரர் என் முன்னாலேயே சிரித்தார். கழற்றுகிற சின்ன ஆணி, நட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதைச் சட்டத்தோடு கட்டு, பெட்டிக்குள் சும்மா போடாதே. அடுப்புக்கு வாயுக் குப்பி விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அங்கே போய் வாங்கு. பவர் பாங்க் கைப்பையில்தான்.

தம்பி சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குப் பயம். உன்னிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு, லண்டன் விசா அங்கே செல்லாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தரும் ஷெங்கன் விசாவோடுதான் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி எல்லாம். நடுவில் வரும் செர்பியா அந்த வட்டத்துக்குள் இல்லை. 2025 தை முதலாம் திகதியிலிருந்து ருமேனியாவும் பல்கேரியாவும் தரை எல்லையிலும் ஷெங்கனோடு சேர்ந்துவிட்டன. ஆகவே செர்பியாவுக்குள் போய் ருமேனியாவுக்குள் வந்தால் அது இரண்டாம் நுழைவு. ஒருமுறை நுழையும் விசாவோடு போனால், செர்பியாவுக்கும் ருமேனியாவுக்கும் நடுவில் இருக்கிற இரும்பு வாசல் மலையிடுக்கில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பலமுறை நுழையும் விசாவாகக் கேள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதியும் கேட்பார்கள். ஆறு மாதம் முன்னமே விண்ணப்பிக்கலாம், கடைசி மாதத்துக்கு வைக்காதே. செர்பியாவுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுடைய தூதரகத்திடமே கேட்டு எழுத்தில் வாங்கி வை. அந்த மலையிடுக்கில் செர்பியப் பக்கம் வெளிச்சமில்லாத சுரங்கப் பாதைகள் வருமாம். பின்விளக்கு இரண்டாக இருக்கட்டும்.

இனிப் பட்டியல். நான் சிவப்புப் பேனையால் வெட்டினவை: இரண்டாவது ஜீன்ஸ் (முதலாவதையும் யோசி, நனைந்தால் காய ஒரு நாள் போகும்), மூன்று சோடி சப்பாத்தில் இரண்டு, தலைமயிர் காயவைக்கும் மெஷின், நான்கு புத்தகத்தில் மூன்று, மடிக்கிற கதிரை. கதிரைக்கு நீ சண்டை பிடிப்பாய் என்று தெரியும். பிடி. ஆனால் முதலில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு சனி ஞாயிறு, இரண்டு நாளும் 60 கிலோமீற்றர் ஓடி, இரவு கூடாரத்தில் படுத்துவிட்டு வா. திங்கட்கிழமை நீயே இன்னும் பத்துச் சாமானை வெளியே எடுத்து வைப்பாய். புதுச் சீற் வாங்கியிருந்தால் அதையும் இப்போதிருந்தே பழக்கு. குதிக்காலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும், அதுதான் சீற்றின் உயரம். மற்ற விஷயங்கள் அம்மா போனில் சொல்லுவா.

அம்மா பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா. வறுத்த மிளகாய்த்தூள் 250 கிராம் இடித்துக் கட்டியும் வைத்திருக்கிறா, வாற மாதம் லண்டன் வரும் ஆள் ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். அதைக் குறைக்கச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

நானும் ஒன்று எடுத்து வைத்தேன். என் பழைய ஹோர்ன், ரப்பர்க் குமிழை அமத்தினால் பூம் பூம் என்று கேட்கும். நீ சின்னனில் அந்தச் சத்தம் கேட்டு ஒழுங்கை முனைக்கு ஓடிவருவாய். குமிழ் வெடித்துக் கிடந்தது, புதுசு மாற்றினேன். பிறகு மீன் தராசில் வைத்துப் பார்த்தேன். 400 கிராம் காட்டுகிறது. புத்தகத்தை வெட்டச் சொன்னவன் இதை எப்படி அனுப்புவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஆனால் பிள்ளை, அந்தத் தராசு எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும்.

அன்புடன்,
அப்பா