ஊசி வைத்துப் பார்க்காமல் சொல்லமாட்டேன் என்ற டாக்டருக்கும் மற்றவர்களுக்கும்

அப்பாவுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்ததிலிருந்து எங்களைத் தாங்கிய உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரில் நன்றி சொல்ல வந்தபோது பாதியிலேயே அழுதுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், புற்று உடம்பில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கும் பெட் (PET) ஸ்கேன் எடுத்த தம்பிக்கு. முதல் நாள் அப்பாவின் சர்க்கரை 238. “இன்னைக்கு எடுத்தா படம் சரியா வராதுக்கா” என்று திருப்பி அனுப்பினீர்கள். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்த அலுப்பில் உங்களிடம் சத்தம் போட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள். நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். ஊசியில் ஏற்றுவதே கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரைதான், புற்று செல்கள் அதை அள்ளிக்கொள்ளும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை மிதந்தால் இரண்டும் போட்டி போட்டுப் படம் மங்கிவிடும். அந்த மருந்தின் கதிர்வீச்சு சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடுமாம், எடுத்துவைத்து மறுநாள் போடவும் வழியில்லை. அன்று வீணான மருந்துக்கு எங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து 142. முந்தின நாள் சோறு கூடாது என்றதும் முட்டையும் கீரையும் தனியாகச் செய்து கொடுத்த எதிர் மெஸ் அண்ணனுக்கும் நன்றி.

ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். அசைகிற தசையும் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். 31 வருஷம் கண்டக்டராக இருந்த அப்பாவுக்கு அது பெரும்பாடு. கதவருகே நின்று விரலை உதட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்த நர்ஸ் அக்கா, உங்களை அப்பா இன்றும் சொல்கிறார்.

அப்புறம் ரிப்போர்ட் வந்தது. வலது நுரையீரல் கட்டியோடு, நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் நெறிகள் ஒளிர்ந்தன. காலில் அடிபட்டால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அதே நிணநீர் முடிச்சுகள். எதிர்ப்பக்கத்துக்கும் புற்று போயிருந்தால் ஆபரேஷனுக்கே வழியில்லை. ரிப்போர்ட்டைப் படித்த சொந்தக்காரர் ஒருவர் “பரவிடுச்சு” என்று சொல்லிவிட்டார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஸ்கேனைப் பார்த்துச் சொல்லும் நியூக்ளியர் மெடிசின் டாக்டர் அம்மா, எங்களைத் திரை முன்னால் உட்காரவைத்தீர்கள். நிறம் பெட் சொல்வது, சாம்பல் படம் சிடி சொல்வது, ஒரே மேஜையில் படுத்தபடி எடுப்பதால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறது என்றீர்கள். பெட் மட்டும் இருந்தால் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். சிடி மட்டும் இருந்தால் நெறி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியதா என்று அளவைத்தான் பெரிதாகப் பார்ப்பார்களாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்தான் உங்களுக்குச் சந்தேகம் தட்டியது. நெறிகள் இருபுறமும் ஒரே மாதிரி ஒளிர்ந்தன, சிலவற்றில் சுண்ணாம்பு படிந்திருந்தது. “நம்ம ஊர்ல டிபியும் இப்படித்தான் ஒளிரும். ஊசி வெச்சுப் பார்க்காம நான் சொல்லமாட்டேன்” என்று சொல்லி, அப்போதே நுரையீரல் டாக்டருக்குப் போன் போட்டீர்கள். அந்த ஒரு போனுக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

நுரையீரல் டாக்டர் ஐயா, நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த குழாயை வாய்வழியே இறக்கி, படத்தில் ஒளிர்ந்த அதே நெறிகளில் ஊசி குத்தி எடுத்தீர்கள். புற்று செல் இல்லை, டிபிதான். டிபி என்று கேட்டு நாங்கள் கைகூப்பி அழுதோம்.

டிபி மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் கட்டி இருந்த வலது நுரையீரலின் மேல்பகுதியை (மேல்மடல்) ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்போது அகற்றிய நெறிகளிலும் புற்று இல்லை. சர்ஜன் ஐயாவுக்கும், மாதாமாதம் மாத்திரையை இலவசமாகக் கொடுத்து, ஒரு வேளை தவறினாலும் போன் செய்து கேட்ட அரசு டிபி மைய அக்காவுக்கும் எங்கள் வணக்கம்.

ஆறு மாத மாத்திரை போன வாரம் முடிந்தது. அடுத்த மாதம் சிடி எடுக்க வருகிறோம். நர்ஸ் அக்கா, அன்று உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று அப்பா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
கண்டக்டர் அப்பாவின் மகள்