குன்னூர் இலை, லண்டன் தண்ணீர்

குன்னூர்,
தை 12

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் ரயிலில் இருக்கிறாய், பாதிப் பேச்சு சுரங்கத்துக்குள் போய்விடுகிறது. அதோடு நான் டீயைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதினால் யாரும் பிடுங்க முடியாது பார்.

"நீங்க அனுப்பின டீ இங்கே அந்த மாதிரி வரலப்பா. கசக்குது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் வேற" என்று சொன்னாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் தேயிலை ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்தவன், சொந்த மகளுக்கு அனுப்பிய டீ கசக்கிறது என்றால் எப்படிக் கண் மூடுவான்? காலையில் முதல் வேலையாக, உனக்குப் போட்டது போக மிச்சம் இருந்த அதே இலையை எடுத்து வைத்துச் சுவைத்துப் பார்த்தேன். இங்கே நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கோளாறு இலையில் இல்லை. ரெண்டு நாள் யோசித்து ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். பாதிக் குற்றம் என்னுடையதுதான்.

"கொதிக்கிற தண்ணீரை ஊற்று, அஞ்சு நிமிஷம் மூடி வை" என்று உனக்கு எழுதிக் கொடுத்தேன் இல்லையா? அது குன்னூர்க் கணக்கு. நாம் இருப்பது ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில். இங்கே தண்ணீர் 94 டிகிரி வந்ததுமே தளதளவென்று கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால்தான் நம் வீட்டில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாது. லண்டன் ஆற்றோரத்து ஊர், ஏறக்குறைய கடல் மட்டம். அங்கே கொதி என்றால் 100 டிகிரி. அந்த ஆறு டிகிரியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அந்தச் சூட்டில், அதுவும் குளிர்காலத்து மெல்லிய இலையை அஞ்சு நிமிஷம் ஊறவிட்டால் கசக்காமல் என்ன செய்யும்? கெட்டில் நின்றதும் மூடியைத் திறந்து இரண்டு நிமிஷம் விடு. அப்புறம் ஊற்று. மூன்று நிமிஷம் போதும், அதற்கு மேல் ஒரு விநாடி வேண்டாம். நேரமானதும் இலையை வடித்துவிடு. கோப்பையிலேயே கிடக்கவிட்டு, லேப்டாப்பைப் பார்த்தபடி அரை மணி நேரம் குடிக்கிற பழக்கம் உனக்கு உண்டு. எனக்குத் தெரியும்.

அடுத்தது அந்தப் படலம். அது டீயின் எண்ணெய் இல்லை கண்ணு, தண்ணீரின் வேலை. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். உன் கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதேதான். அந்தச் சுண்ணாம்பும் டீயில் இருக்கிற சத்தும் காற்றுப்பட்டுச் சேர்ந்தால் மேலே ஆடை மாதிரி கட்டும். அசையவிட்டால் உடைந்த கண்ணாடி போலத் துண்டு துண்டாகப் போகும். சந்தேகம் இருந்தால் அந்தக் கோப்பையில் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார், கரைந்துவிடும். படலம்கூடப் பரவாயில்லை. அந்தத் தண்ணீர் டீயின் வாசனையை அமுக்கிவிடும், நிறத்தையும் மங்கலாக்கிவிடும். அந்தக் காலத்தில் இங்கிலாந்து டீ கம்பெனிகள் ஒவ்வொரு ஊர்த் தண்ணீருக்கும் தகுந்த மாதிரி தனித்தனியாகக் கலவை போட்டு விற்றார்கள் என்று எங்கள் பெரிய டீ மேக்கர் சொல்வார். அவர்களுக்கே தெரிந்த சங்கதி, எனக்குத்தான் மறந்துவிட்டது. ஃபில்டர் வைத்த ஜக் ஒன்று வாங்கிக்கொள். குடிக்கிற தண்ணீருக்கு வேண்டாம், டீக்கு மட்டும் போதும்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இதை அம்மாவிடம் சொல்லிக்காட்டாதே. போன பார்சலில் டீப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே சாம்பார் பொடியையும் பெருங்காய டப்பாவையும் வைத்துக் கட்டிவிட்டாள். காய்ந்த டீயில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்குதான் இருக்கும். அப்படிக் காய்ந்த பொருள் பக்கத்தில் இருக்கிற ஈரத்தையும் வாசனையையும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும். பன்னிரண்டு நாள் பெருங்காயத்தோடு ஒரே பெட்டியில் பயணம் செய்த டீ என்ன ஆகும்? "லேசா ரசம் மாதிரி இருக்கு" என்று நீ சொன்னதை நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

இந்தத் தடவை டீ மட்டும் தனியாக வருகிறது, மூன்று தகர டப்பாவில்.

பச்சை நூல் கட்டியது மார்கழி இலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள். ஃப்ராஸ்ட் டீ என்று வெளியே விற்பது இதுதான். பேரைக் கேட்டு, பனியில் கருகிய இலை என்று நினைத்துவிடாதே. கருகிய இலையில் ஒன்றும் வராது. பனிக்குத் தப்பிய கொழுந்து இது. ராத்திரி குளிர், பகலில் காய்கிற வெயில். செடி வளரவே யோசிக்கும். மழைக்காலத்தில் மூட்டை மூட்டையாக வருகிற இலை அப்போது கூடைக் கணக்கில்தான் வரும். ஆனால் மெதுவாக வளர்ந்த கொழுந்தில் வாசனை தங்கிவிடும்.

இதை மெஷினில் நசுக்கிப் பொடியாக்கினால் பாவம். ஆர்த்தடாக்ஸ் முறையில்தான் செய்ய வேண்டும். முதல் நாள் சாயங்காலம் தொட்டியில் பரப்பி ராத்திரி முழுக்க வாடவிடுவோம். கையில் பிடித்து அமுக்கினால் உடையாமல் பட்டுத்துணி மாதிரி மடங்க வேண்டும், அதுதான் பதம். அப்புறம் ரோலரில் உருட்டி, இலையின் சாறு வெளியே வந்ததும் மெல்லிசாகப் பரப்பி வைப்போம். ஃபெர்மென்டிங் என்று எல்லோரும் சொல்வோம். உண்மையில் புளிப்பது இல்லை, நறுக்கிய ஆப்பிள் காற்றுப்பட்டுச் சிவக்கிறதே, அந்த மாதிரிதான். குளிரில் இது இழுத்துக்கொண்டே போகும். கடிகாரத்தை நம்ப முடியாது. விடியற்காலை மூணு மணிக்கு ஸ்வெட்டரும் மப்ளருமாகப் போய் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கில் வைத்துப் பார்ப்பேன். முதலில் புல் வெட்டிய வாசனை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அள்ளினால் பச்சை வாடை குறைந்து ஒரு பூ வாசம். இன்னும் கொஞ்சம் போனால் பழ வாசம் வரும், இலை புதுச் செப்புக் குடம் மாதிரி நிறம் மாறும். அந்த நேரத்தில் டிரையரில் ஏற்றிவிட வேண்டும். பத்து நிமிஷம் அசந்தால் வாசனை போய் நிறம் மட்டும் மிஞ்சும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது என் ஸ்வெட்டரை மோந்துவிட்டு "அப்பா மேல ஆப்பிள் வாசம்" என்பாய்.

இந்த இலைக்குப் பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். இலை பெரிசு, கனமே இருக்காது. அதனால் டீஸ்பூன் கணக்கு ஏமாற்றும். உன் சமையலறைத் தராசில் நிறுத்து, இருநூறு மில்லிக்கு நாலு கிராம் போடு. இன்னொரு விஷயம், நீலகிரி டீ ஆறினாலும் கலங்காது. அசாம் டீயை ஆறவிட்டால் கலங்கி மண் நிறத்துக்கு வரும். அது சாறு நிறைய இருப்பதற்கு அடையாளம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். நம்முடையது கண்ணாடி மாதிரி நிற்கும். கோடைக்கு ஐஸ் போட்டுக் குடிக்க இதைவிட வேறு கிடையாது.

சிவப்பு நூல் கட்டியது பி.ஓ.பி., உடைந்த இலை. காலை அவசரத்துக்கு. பால் கொஞ்சம் தாங்கும். மூன்றாவது டப்பாவில் சாதாரண சி.டி.சி. டஸ்ட், மெஷினில் நசுக்கிய தூள். ஆபீஸில் எல்லோரும் இலை டீ குடிக்கிறார்கள் என்று இதைக் கேவலமாக நினைக்காதே. இஞ்சி தட்டிப்போட்டுப் பாலோடு கொதிக்கவிடுகிற டீக்கு இதுதான் சரி. மார்கழி இலையைப் பாலில் போட்டுக் கொதிக்க வைக்கிறவனையும் டஸ்டை வெறும் தண்ணீரில் போட்டு முகம் சுளிக்கிறவனையும் ஒன்றாகத்தான் வைப்பேன்.

உன் தாத்தாவுக்கு இந்த வகையெல்லாம் கிடையாது. இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு கப்பலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கியவர். மண்டபம் அகதி கேம்ப்பில் இருந்து, அப்புறம் இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. கடைசிவரை அவருக்கு டீ இல்லை, 'சாயத்தண்ணி'தான். உள்ளங்கையில் சீனியை வைத்து ஒரு நக்கு, சாயத்தண்ணியில் ஒரு வாய். அவர் பறித்த கொழுந்து எந்த ஊருக்குப் போனதோ, அவர் குடித்தது கடைசிச் சல்லடையில் விழுந்த தூளை. ஆனால் நாக்கு அபாரம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஃபாக்டரி மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இலை சரியா வாடலையே தம்பி" என்றார். அவர் சொன்னது சரி.

சரி, உன் தோழி கொடுத்தாள் என்று படம் அனுப்பினாயே, அந்த டப்பாக்கள். லோங்ஜிங் என்பது சீனாவில் ஹாங்சோ பக்கத்துப் பச்சை டீ. பறித்ததும் சூடான சட்டியில் கையாலேயே அழுத்தி வறுத்துவிடுவார்கள், அதனால்தான் தட்டையாக இருக்கிறது. அதில் கொதிநீரை ஊற்றினால் அவ்வளவுதான், கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம். கொதித்த தண்ணீரை ஒரு வெறும் கோப்பையில் ஊற்று, அதிலிருந்து இன்னொரு கோப்பைக்கு மாற்று. ஒவ்வொரு மாற்றலுக்கும் பத்து டிகிரி போல இறங்கும். அப்புறம் இலையில் ஊற்று.

தைவான் டப்பா, ஓரியன்டல் பியூட்டி என்று எழுதியிருக்கிறதே, அதைக் கேட்டால் சிரிப்பாய். ஒரு குட்டிப் பச்சைப் பூச்சி கடித்த இலையில்தான் அந்தத் தேன் வாசனை வருமாம். கடிபட்ட செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதையோ சுரக்கிறது, நாம் அதைக் குடிக்கிறோம். டார்ஜிலிங்கில் மே, ஜூன் இலையில் வருகிற திராட்சை வாசத்துக்கும் அந்த இனத்துப் பூச்சிதான் காரணம் என்கிறார்கள். நாங்கள் பூச்சி கடித்த இலையைப் பார்த்தால் மருந்தடிக்க ஓடுவோம். அந்த இலையை ஒரே தடவையில் கொட்டிவிடாதே. இலையை அதிகமாகவும் தண்ணீரைக் குறைவாகவும் வைத்து, ஒரு நிமிஷத்துக்குள் வடி. நாலைந்து தடவை தாங்கும். இரண்டாவது தடவைதான் நன்றாக இருக்கும்.

மூன்றாவது லாப்சாங் சூச்சோங். போன வருஷம் நீ கொண்டுவந்தபோதே பொட்டலத்தைப் பிரித்த உடன் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. காரணத்தை அப்போது சொல்லவில்லை. நீ நாலாவது படிக்கும்போது எங்கள் டிரையரின் அடுப்புக் குழாயில் ஒரு விரிசல். விறகுப் புகை சூடான காற்றோடு கலந்து இலைக்குள் போயிருக்கிறது. ராத்திரி ஷிஃப்ட் என்னுடையது, சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. மாதிரியைச் சுவைத்த புரோக்கர் ஆபீஸ்காரர் 'ஸ்மோக்கி' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பினார். அந்த லாட்டுக்கு விலையே போகவில்லை. முதலாளி என்னிடம் மூன்று வாரம் பேசவில்லை. இருபது வருஷம் கழித்து என் மகள் அதே புகை நாற்றத்தை அழகான டப்பாவில் போட்டு, "ரொம்ப ஸ்பெஷல்பா" என்று கொண்டுவருகிறாள்! சீனாவின் ஃபூஜியான் மலைக்காரர்கள் பைன் விறகு போட்டு வேண்டுமென்றே புகை ஏற்றுகிறார்களாம். குடித்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் பிடிக்காது. உனக்குப் பிடித்தால் குடி. மற்ற டப்பாக்கள் பக்கத்தில் மட்டும் வைக்காதே.

இப்போது நீ ஒரு வேலை செய்ய வேண்டும். நாங்கள் ஃபாக்டரியில் சுவைத்துப் பார்க்கிற மாதிரியே ஒரு தடவை பச்சை நூல் டீயை வைத்துப் பார். நூறு மில்லிக்கு இரண்டு கிராம், நன்றாகக் கொதித்த தண்ணீர், ஆறு நிமிஷம். குடிக்கிறதற்கு இல்லை, குற்றம் கண்டுபிடிப்பதற்கு. அதனால்தான் அவ்வளவு நேரம். உள்ளுக்குள் ஒளித்து வைத்திருக்கிற கசப்பெல்லாம் வெளியே வரட்டும். ஒன்றைக் குழாய்த் தண்ணீரில் வை, இன்னொன்றை ஃபில்டர் தண்ணீரில். ஒரு ஸ்பூன் எடுத்து உறிஞ்சு. 'சர்ர்' என்று சத்தம் வர வேண்டும், வெட்கப்படாதே. அந்தச் சத்தத்தில்தான் டீ வாய் முழுக்கத் தெறித்து வாசனை மூக்குக்கு ஏறும். நாக்கின் ஓரம் விழித்துக்கொள்கிறதா, சும்மா கிடக்கிறதா என்று பார். அப்புறம் துப்பிவிடு.

வடித்த இலையைக் கொட்டிவிடாதே. இரண்டையும் இரண்டு வெள்ளைத் தட்டில் தனித்தனியாகக் கவிழ்த்து, படம் எடுத்து அனுப்பு. வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் எடு. சமையலறை விளக்கில் எடுத்தால் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரியும், எனக்கு ஒன்றும் புரியாது. எந்தத் தட்டு எந்தத் தண்ணீர் என்று எழுதாதே. நானே சொல்கிறேன்.

அப்பா